மருமகன் முன்னால் வாய் திறக்க முடியாத மாமியாரின் புகார்

அனுப்புநர்:
டெல்மா நபல்ஜாரி,
பொறுப்பாளர், பெண்கள் புகலகம்,
கோரெல்லா போர் குடியிருப்பு,
வட ஆட்புலம், ஆஸ்திரேலியா.

பெறுநர்:
காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
வட்டாரக் காவல் அலுவலகம்.

பொருள்: என் மகள் ரோஷெலை அடித்த அவள் கணவரின் ஜாமீன் நிபந்தனையை மாற்றவும், அதுவரை புகலக வாசலில் காவல் போடவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அடிபட்ட பெண்களுக்காக நான் தங்கள் அலுவலகத்துக்கு எத்தனையோ மனுக்கள் எழுதியிருக்கிறேன். அவையெல்லாம் மற்றவர்கள் பெற்ற பெண்களுக்காக. இது நான் பெற்ற பெண்ணுக்காக. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்தருளவும்.

2. சென்ற மாதம் ரோஷெலின் கையை அவள் கணவர் இரும்புக் கம்பியால் அடித்து முறித்தார். அவள் நகர மருத்துவமனையில் கிடந்ததால், ஊர் ஊராக வந்து விசாரிக்கும் சுற்று நீதிமன்றம் எங்கள் சமூகக் கூடத்தில் கூடியபோது அவள் சார்பில் பேச என்னை அழைத்தார்கள். எங்கள் பழங்குடி மக்களிடம் மாமியாரும் மருமகனும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை, பேசுவதில்லை, ஒரே அறையில் இருப்பதுமில்லை. அது பகையல்ல, மரியாதை. மீறினால் வரும் வெட்கம் குடும்பத்தையே தின்றுவிடும். ஆகவே தனி அறையோ, தொலைபேசியோ வேண்டும் என்று அன்று காலையிலேயே நீதிமன்ற எழுத்தரிடம் கேட்டேன். "ரெண்டு நிமிஷ வேலைம்மா. சுவரப் பாத்து உக்காந்துக்குங்க, முடிஞ்சிரும்" என்றார்.

3. சுவரைப் பார்த்து, தலையில் போர்வையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் அவர் இருமுவது கேட்டது. அவர் இங்கே திரும்பி வருவதில் ஆட்சேபணை உண்டா என்று நீதிபதி என்னைக் கேட்டார். அதே கூடத்தில் மற்றப் பெண்களுக்காக நீதிபதியையே குறுக்கிட்டுப் பேசியவள் நான். அன்று மருமகன் காதுபடப் பேச முறையில்லாமல் போர்வையை இன்னும் இழுத்து மூடிக்கொண்டேன். "அம்மா ஒண்ணும் சொல்லலையே, ஆட்சேபணை இல்லைன்னுதான் ஆகுது" என்று அவருடைய வழக்கறிஞர் எழுந்து சொன்னார். அப்படியே பதிவாயிற்று. ஜாமீனில் விட்டுவிட்டார்கள்.

4. ரோஷெல் இப்போது கட்டுப்போட்ட கையோடு என்னுடன் புகலகத்தில் இருக்கிறாள். அவரோ தினமும் எங்கள் வாசலில் காரை நிறுத்தி உட்கார்ந்திருக்கிறார். குடித்துவிட்டு வந்து கத்திய எத்தனையோ ஆண்களை அந்த வாசலில் நின்றே விரட்டியிருக்கிறேன். "சைரன் வருதுடா, ஓடு" என்று அவர்களே என்னைக் கேலி செய்வார்கள். இவர் விஷயத்தில் சைரன் ஊதாது என்று இவருக்குத் தெரியும். முறைப்படி ஒதுங்கிப்போக வேண்டியவர் அவரும்தான். அவருடைய மாமன்மார் வந்து திட்டியும் நகரவில்லை. எங்கள் மரியாதையையே எங்கள் கதவுக்குப் பூட்டாகப் போட்டுவிட்டார். உள்ளே இருக்கும் பெண்கள் மாவு வாங்கக்கூடக் கடைக்குப் போவதில்லை. கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டாலே நான் எழுந்துபோய்த் தாழ்ப்பாளைச் சரிபார்க்கிறேன்.

5. தங்கள் காவலர் ஒருவருக்குத் தொலைபேசினேன். "ரோட்டுல கார நிறுத்துறது குத்தமாம்மா? ஊரையே அதட்டுறவங்க, இவர நீங்களே ரெண்டு சத்தம் போட்டு அனுப்புங்களேன்" என்று சிரித்தார். அவர் மீது எனக்குக் கோபம் இருக்கிறது. அதை வேறு மனுவில் எழுதுகிறேன்.

6. நேற்று ரோஷெல் ஒற்றைக் கையால் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். "விடும்மா, நான் அவரோடயே போயிடறேன். என்னால நீ இப்படி ஒளிஞ்சு கெடக்கிறத பாக்க சகிக்கல" என்றாள். துணிப்பையைப் பிடுங்கி என் படுக்கைக்கு அடியில் வைத்திருக்கிறேன். போனால் இந்தமுறை கையோடு நிற்காது. அப்படித் திரும்பிப் போன பெண்களின் அடக்கத்துக்கு நான் போயிருக்கிறேன்.

ஆகவே, என் வாக்குமூலத்தைத் தனியிடத்தில் பதிவுசெய்து, அவர் இந்தக் குடியிருப்புக்குள் வராதபடி ஜாமீனை மாற்ற நீதிமன்றத்தைக் கேட்குமாறும், இன்றே ஒரு காவலரை அனுப்புமாறும் வேண்டுகிறேன்.

தாங்கள் வருமுன் அவர் எங்கள் கதவில் கை வைத்தால், நான் வெளியே போய் அவர் முகத்துக்கு நேராக நின்று பேசுவேன். அதன்பிறகு என் மக்கள் நடுவே எப்படி நடமாடுவேன் என்று தெரியவில்லை; நினைத்தாலே பயமாக இருக்கிறது. மகளைப் புதைக்க அதைவிடப் பயமாக இருக்கிறது, ஐயா.

இடம்: கோரெல்லா போர்
நாள்: ஆகஸ்ட் 14

தங்கள் வண்டிச் சத்தத்துக்காகக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
டெல்மா நபல்ஜாரி