ஏலத்தில் வாங்கிய வீட்டிலிருந்து

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நாம் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. வங்கி உங்களிடமிருந்து எடுத்து ஏலம் விட்ட வீட்டை நான்கு மாதங்களுக்கு முன்பு வாங்கியது நாங்கள்தான். அம்மா உங்களை ‘அந்த மனுஷன்’ என்பாள். அப்பா ‘பாவம், அந்த சார்’ என்பார். நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன், அதனால் ‘ஐயா’ என்று தொடங்கியிருக்கிறேன். முடிக்கும்வரை அந்த மரியாதை தாங்குமா என்று தெரியவில்லை.

எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியாது. எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். தெருவில் ஒரு பைக் போனாலும் பேனாவை மூடி வைத்துவிடுகிறேன்.

வீடு நன்றாக இருக்கிறது. பின்னறையில் மழை ஒழுகுவதை நீங்கள் யாரிடமும் சொல்லாமல் போனதைக்கூட அம்மா மன்னித்துவிட்டாள். வந்த அன்று வாசல் மணி அடிக்கவில்லை. அப்பா லிஃப்ட் மெக்கானிக். பதினான்கு மாடிக் கட்டடத்தின் இருட்டுக் குழிக்குள் தனியாக இறங்கி வேலை பார்ப்பவர். மணியைக் கழற்றிப் பார்த்து, ‘யாரோ வேணும்னே ஒயரை வெட்டியிருக்காங்க’ என்று சிரித்துக்கொண்டே சரிசெய்தார். நீங்கள் ஏன் வெட்டினீர்கள் என்பது ஒரே வாரத்தில் எங்களுக்குப் புரிந்துவிட்டது.

முதலில் மணி அடித்தவர் பால்காரர். மூன்று மாதப் பால் காசு நீங்கள் தரவில்லையாம். ‘அவங்க பாக்கிக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் அண்ணே?’ என்று அம்மா கேட்டாள். சரியான கேள்விதான். ஆனால் அப்பா உள்ளே போய்ப் பணத்தை எடுத்து வந்துவிட்டார். ‘சின்னத் தொகை, போகட்டும் விடு. புதுத் தெரு, நாலு பேர் நல்லவிதமா சொல்லட்டும்’ என்றார். மறுநாளே மளிகைக்கடைக்காரர் வந்தார். அப்புறம் தையல்காரர், உங்கள் மகளின் பள்ளிச் சீருடையோடு. ‘தைச்சு ஒரு வருஷமா கிடக்கு, உனக்கு அளவு சரியா இருக்கும் பாப்பா’ என்று என்னிடமே நீட்டினார். அப்பா அதற்கும் கொடுத்தார். நல்ல பெயர் கிடைத்தது. தெரு முழுக்கக் கிடைத்தது.

அந்தப் பெயரைக் கேட்டுத்தான் ஹெல்மெட் வந்தார். வண்டியை விட்டு இறங்கினாலும் தலையிலிருந்து அதைக் கழற்றாமல், முன்கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டுப் பேசுவதால் நான் வைத்த பெயர் அது. நீங்கள் வட்டிக்கு வாங்கியது அவரிடம்தான் என்பது உங்களுக்குத் தெரியும். அப்பா வங்கி கொடுத்த விற்பனைச் சான்றிதழைக் காட்டினார். அவர் அதைத் தொடக்கூட இல்லை. ‘சொந்தம் இல்லேன்னா பால்காரனுக்கு எதுக்குய்யா காசு குடுத்தே? ஊரான் கடனை எவனாவது அடைப்பானா? உன் பேர்ல வீட்டை வாங்க வச்சுட்டு அவன் எங்கேயோ பதுங்கிட்டான். எனக்குக் காது குத்தாதே’ என்றார். பால் காசு கொடுத்ததே எங்களுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. இப்போதெல்லாம் ராத்திரி பைக் சத்தம் கேட்டாலே விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம்.

வங்கி அதிகாரியிடம் கேட்டதற்கு, கைக்கடன் என்பது வாங்கிய ஆளோடுதான் போகும், வீட்டோடு ஒட்டிக்கொண்டு வராது என்றாராம். போலீசுக்குப் போகலாம் என்று அம்மா சொன்னாள். ‘போனா அவன் நாளைக்குப் பாப்பாவோட ஸ்கூல் வாசல்ல வந்து நிப்பான்’ என்று அப்பா மறுத்துவிட்டார். ஹெல்மெட் ஏற்கெனவே வந்து நின்றுவிட்டார், ஐயா. சென்ற செவ்வாய்க்கிழமை. ‘உன் பெரியப்பா எங்கே இருக்கான்?’ என்று கேட்டார். எனக்குப் பெரியப்பாவே கிடையாது. ‘தெரியாது’ என்று சொல்லிவிட்டு நடந்தேன். இதை நான் வீட்டில் சொல்லவில்லை.

நான் சொன்னது பொய். நீங்கள் இருக்கும் இடம் எனக்குத் தெரியும். உங்களுக்கு வந்த ஒரு கடிதத்தில் தபால்காரர் எங்கள் முகவரியை அடித்துவிட்டு வேறொன்றை எழுதிக்கொண்டிருந்தார். கேட் அருகில் நின்றிருந்த நான் தலைகீழாகவே படித்தேன். யாரோ ஒருவரின் வீட்டு மாடி, பின்பக்கம் என்று இருந்தது. அன்றிலிருந்து அந்த நான்கு வரிகள் மனப்பாடம். பள்ளி வாசலில் அதைச் சொல்லியிருந்தால் ஹெல்மெட் அப்போதே வண்டியைத் திருப்பியிருப்பார். நாக்கு நுனிவரை வந்தது. உங்கள் மகள் என்னைவிட ஒரு வயது பெரியவளாக இருப்பாள் என்று சீருடையைப் பார்த்துக் கணக்குப் போட்டிருந்தேன். அவளுக்கும் ஒரு பள்ளி வாசல் இருக்கும். அதனால் விழுங்கிவிட்டேன்.

இப்போது அவசரத்துக்கு வருகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு காலை, உங்கள் கடனில் பாதியை ஏற்றுக்கொள்வதாக ஹெல்மெட் கொண்டுவரும் பத்திரத்தில் அப்பா கையெழுத்துப் போடப் போகிறார். ‘பாதியோட தொலையட்டும்’ என்கிறார். பால்காரர் வந்தபோதும் இப்படித்தான் சொன்னார். பாதியை ஒப்புக்கொண்டால் மீதியும் எங்களுடையதுதான் என்று எனக்கே தெரிகிறது. வீட்டுக்கு வாங்கிய கடனையே இன்னும் பதினாறு வருடம் கட்ட வேண்டும். இதுவும் சேர்ந்தால் இந்த வீட்டையும் ஒருநாள் ஏலம் விடுவார்கள்.

நீங்கள் பணம் அனுப்ப வேண்டாம். இருந்தால் அங்கே போயிருக்கமாட்டீர்கள். ஒரே ஒரு தாள் அனுப்புங்கள். இந்த வீட்டை வாங்கியவர்கள் உங்களுக்கு உறவும் இல்லை, பழக்கமும் இல்லை, கடன் உங்களுடையது மட்டும்தான் என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் கையெழுத்து ஹெல்மெட்டுக்கு நன்றாகத் தெரியும். உறையில் முகவரி எழுத வேண்டாம். தபால் முத்திரை தெரியாதபடி உறையை நான் கிழித்து எறிந்துவிட்டுத் தாளை மட்டும் அப்பாவிடம் கொடுப்பேன்.

அது வராவிட்டாலும் அப்பா கையெழுத்துப் போடமாட்டார். அந்தப் பத்திரம் மேசைக்கு வந்ததும் நான் எடுத்துக் கிழித்துவிடுவேன். ஹெல்மெட் முன்னாலேயே. கை நடுங்கும், அது எனக்குத் தெரியும். நடுங்கினாலும் தாள் கிழியும். அப்பா அடித்தால் அடிக்கட்டும். நாங்கள் அவரிடம் கடன் வாங்கவில்லை, உங்களை ஏமாற்றவில்லை, வீட்டைத் திருடவில்லை. பின் எதற்கு நாங்கள் விளக்கை அணைத்துவிட்டு உட்கார வேண்டும்?

எழுதுவதும் எழுதாததும் உங்கள் விருப்பம். எழுதவில்லையென்றாலும் அந்த நான்கு வரிகளை நான் யாரிடமும் சொல்லமாட்டேன். பயமுறுத்தி உங்களிடம் வாங்க எனக்கு விருப்பமில்லை. அந்த வேலைக்கு வேறொருவர் இருக்கிறார்.

உங்கள் மகள் நன்றாகப் படிக்கட்டும். உங்கள் புது வீட்டுக் கதவை யார் தட்டினாலும் நீங்கள் எழுந்து போய்த் திறக்கும்படி இருக்கட்டும்.

இப்படிக்கு,
இந்த வீட்டுக்காரரின் மகள்