பங்குனி என்று ஓர் ஆள்

அருள்புரம்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள சகாயராஜ் அண்ணனுக்கு, தங்கச்சி ராமுத்தாய் எழுதுவது. கொச்சியில் நீங்களும் விஜயராணி மதினியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க உங்கள் மாதாவையும் என் அய்யனாரையும் சேர்த்தே கும்பிடுகிறேன். நான் ஏதோ இருக்கிறேன்.

என் வீட்டுக்காரரின் போன் தீபாவளிக்குப் பிறகு அணைந்தது அணைந்ததுதான். ஊரில் உட்கார்ந்து அழுதது போதும் என்று அவர் தையல் வேலைக்குப் போன திருப்பூருக்கே வந்துவிட்டேன். 'பெரியகருப்பன், காணவில்லை' என்று பெரிய எழுத்தில் நோட்டீஸ் அடித்துக் கம்பெனி கம்பெனியாக ஒட்டினேன். பைத்தியக்காரி நான். அந்தப் பெயரில் ஓர் ஆளை இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

உங்களுக்குத் தெரியாததா அண்ணே? உருப்படிக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட்டுக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே ஒரு பட்டப்பெயர் விழுந்துவிடுகிறது. சட்டை கசங்காமல் வரும் அயர்ன்காரர் தாசில்தார். வாய் ஓயாத ஒச்சாயி அக்கா ரேடியோ. அவள் அறையில்தான் தங்கியிருக்கிறேன். போட்டோவோடு அலைவதால் எனக்கும் போட்டோக்காரி என்று வைத்தாயிற்று. குலசாமியை நினைத்துப் பெற்றவர்கள் வைத்த பெயர் இங்கே ஒரு டீ குடிக்கிற நேரத்தில் காணாமல் போகிறது.

நேற்று மகுடேஸ்வரன் என்ற கான்ட்ராக்டரைப் பார்த்தேன். நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். போட்டோவை வெகுநேரம் பார்த்துவிட்டு, "உறுதியாச் சொல்ல முடியலீங்கம்மா. எங்கிட்ட தாடி வெச்ச டெய்லர் ஒருத்தர் இருந்தாருங்க. எப்பங்க ஊருக்குப் போறீங்கன்னு யார் கேட்டாலும், பங்குனிப் பொங்கலுக்குன்னு சொல்வாருங்க. அதனால பங்குனின்னே கூப்பிட்டோமுங்க" என்றார்.

இப்போது எங்கே என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். தை மாதம் பல்லடம் ரோட்டில் லாரி அடித்துவிட்டதாம். பையில் ஆதார் கார்டு இல்லை. பெயர் கேட்ட போலீசிடம் இவரால் பங்குனி என்றுதான் சொல்ல முடிந்ததாம். தேடி யாரும் வராததால் அடக்கமும் ஆகிவிட்டதாம். ஸ்டேஷனில் முகத்தைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார்களாம். நான் இன்னும் போகவில்லை. அந்தப் படியில் கால் வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்கு வருகிறேன் என்று நம் பக்கத்து ஆட்களில் எவர்தான் சொல்லவில்லை? நீங்கள்கூட மதினியிடம் கிறிஸ்துமஸ் கிறிஸ்துமஸ் என்று சொல்லித்தானே காலத்தை ஓட்டினீர்கள். தாடி என் வீட்டுக்காரருக்கு எந்தக் காலத்திலும் கிடையாது, அரிக்கும் என்பார். அதோடு, பங்குனி இன்னும் பிறக்கவே இல்லை.

கொச்சிக்குப் போகுமுன் இங்கே முதலிபாளையத்தில் அவரோடு ஒரே அறையில் இருந்தவர் நீங்கள். ஒரு கம்பெனியில் விழுந்த பெயர் அடுத்த கம்பெனிக்கும் கூடவே போகும் என்கிறாள் ஒச்சாயி அக்கா. அங்கே அவரை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள்? எவ்வளவு கேவலமான பெயராக இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள், நான் கோபப்பட மாட்டேன். போனில் கேட்டிருப்பேன். நீங்கள் கொஞ்சம் தயங்கினாலே எனக்குத் தெரிந்துவிடும், அதைத் தாங்க மாட்டேன்.

வேறு பெயர் என்றால் ஒரு வரி எழுதிப் போடுங்கள், போதும். அதைச் சொல்லித் திருப்பூர் முழுவதும் தேடிக்கொள்வேன். பங்குனிதான் என்றால் எழுத வேண்டாம் அண்ணே. மதினியைக் கூட்டிக்கொண்டு நேரில் வந்துவிடுங்கள்.

உங்கள் தங்கச்சி,
ராமுத்தாய்,
பெரியகருப்பன் சம்சாரம்.