ஊக்கு குத்திய கோட்டு

அன்புள்ள அக்கா,

பாப்பா தவழத் தொடங்கிவிட்டாளாமே, அம்மா சொன்னாள். ரொம்பச் சந்தோஷம். உன் ஒன்றாம் வகுப்பும் நன்றாக இருக்கிறது. பிரசவம் முடிந்து வரும்வரை உன் இடத்தில் நிற்கச் சொன்னாய். பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டு வந்தவள், நின்றுகொண்டுதான் இருக்கிறேன். உன் நாற்காலியில் உட்கார இன்னும் கூச்சம்.

என் குரல் கடைசி பெஞ்சுக்கு எட்டாது. முதலில் ஆட்டம் போட்டார்கள். இப்போது அவர்களே, "டேய், வாயை மூடு! டீச்சர் பேசுறாங்க" என்று அதட்டிக்கொள்கிறார்கள். நேற்று உன் வகுப்பு வாயாடி முதல்முறையாகக் கழித்தல் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு என் கன்னத்தைக் கிள்ளினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே, "நீங்க எந்த கிளாஸ் படிக்கிறீங்க டீச்சர்?" என்றாள். கரும்பலகையைத் துடைக்கத் திரும்பிக்கொண்டேன்.

என்னோடு படித்தவர்கள் இந்தத் தெரு வழியாகத்தான் பரீட்சைக்குப் போகிறார்கள். வெயில் அடிக்கிறது என்று வகுப்பின் தெருப்பக்கச் சன்னலைச் சாத்திவைத்திருக்கிறேன்.

தலைமை டீச்சர் என் எதிரிலேயே அம்மாவிடம், "சின்னவளே இருந்துடட்டும். வாயில்லாப் பூச்சி, தொந்தரவே இல்ல" என்றார். அம்மாவுக்குப் பெருமை.

உன் டீச்சர் கோட்டு எனக்குத் தொளதொளவென்று இருந்ததால் அம்மா பின்னால் ஊக்கு குத்தியிருந்தாள். இன்று கத்தரிக்கோலோடு வந்து, "வெட்டித் தைச்சிடறேன்டி. எத்தனை நாளைக்குத்தான் ஊக்கு?" என்றாள்.

"வேண்டாம்மா. அக்காவுக்குப் பத்தாமப் போயிடும்" என்றேன்.

அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை. கோட்டு இப்போது என் மடியில் இருக்கிறது. வெட்டலாமா, வேண்டாமா என்று நீயே அம்மாவுக்குச் சொல்லிவிடு.

உன் இடத்தில் இருக்கும்
தங்கை