சந்தனப் பொட்டும் பெற்றோல் மூடியும்

தயா,

உம்மட நித்திரையைக் குழப்ப மனமில்லை. எங்கட கிழட்டு மொறிஸ் கார் ஏன் நிண்டதெண்டு பிடிச்சிட்டன்.

நேற்று மாங்குளத்தில பிளக்கைக் கழட்டித் துடைச்சன், பொயின்டைத் தேய்ச்சன். கொஞ்ச நேரம் விட்டால் ஸ்டார்ட் வரும், ரெண்டு மைல் ஓடித் திரும்பவும் நிக்கும். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் வந்த குற்றம் எண்டு நீர் சொல்ல, உம்மட பக்தியிலயோ கார் ஓடுது எண்டு கத்திப்போட்டன். வவுனியாவில தங்கச்சியின்ர பிள்ளையைப் பாக்காமலே திரும்பினம்.

காலமை குளக்கட்டு வரை ஓடிப் பாத்தன், நிண்டிட்டுது. உடன பெற்றோல் டாங்க் மூடியைத் திறக்க, உஸ்ஸெண்டு காத்தை இழுத்தது. மூடியில காத்துப் போக ஒரு சின்ன ஓட்டை இருக்கு. அது அடைஞ்சால் எஞ்சினுக்குப் பெற்றோல் வராது. அடைச்சது, போன கிழமை ஆயுத பூசைக்கு நீர் வைச்ச சந்தனம். காய்ஞ்சு கல்லாய்க் கிடந்தது.

ஏச வாய் வரேல்லை. எனக்கு ஒண்டும் ஆகக் கூடாதெண்டு வைச்சதெல்லோ.

பெற்றோல் அடிக்கக் கிளிநொச்சிக்குப் போறன். எட்டு மணிக்கு வந்திடுவன், வவுனியாவுக்குப் போக வெளிக்கிட்டு நில்லும். ராத்திரியும் நீர் சாப்பிடேல்லை. குசினியில புட்டு மூடி வைச்சிருக்கிறன்.

விஜி

மெக்கானிக் கிறகோரி அண்ணை வந்தால் தேத்தண்ணி குடுத்து, கார் சரியெண்டு சொல்லும். காரணம் சொல்லாதையும்.

தேங்காய் ஒண்டு எடுத்து வையும். முறிகண்டியில நிப்பாட்டுவன்.

உம்மட தையல் ஊசியால ஓட்டையை மட்டும்தான் குத்தினனான். பொட்டு அப்பிடியே இருக்கு.