தலையில் கண்ணாடியோடு எடுத்த பாடம்

ஜூன் 2, திங்கள்
காற்று ஆரம்பித்துவிட்டது. காயப்போட்ட போர்வை பக்கத்து லயத்து வீட்டுக் கூரைக்குப் போய்விட்டது. என் வீட்டுக்காரர் மேர்வின்தான் ஏணி வைத்து எடுத்து வந்தார். பேக்கரியிலிருந்து கொண்டுவந்த பனிஸ் இன்னும் சூடாக இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் பிளேன்டீயோடு சாப்பிட்டோம். இந்த வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை.
நாளை தரம் மூன்றுக்குக் கழித்தல் ஆரம்பிக்க வேண்டும்.

ஜூன் 3, செவ்வாய்
எழுத்து கோட்டில் நிற்கவில்லை. நாளை.

ஜூன் 4, புதன்
நேற்றுக் காலை செல்லசாமி அண்ணனின் ஆட்டோவில் ஸ்கூலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். வருஷக் கணக்காக அவர்தான் என்னைக் கொண்டுபோய் விடுகிறவர். தேயிலை ஃபெக்டரிக்கு மேலே உள்ள வளைவில் ஒரு யூகலிப்டஸ் மரம் ஆட்டோவின் முன்பக்கத்தில் விழுந்தது.
சத்தம் ஞாபகமில்லை. என் ஒரு செருப்பைக் காணவில்லை என்பது ஞாபகம் இருக்கிறது. அண்ணனின் இடது கால் உள்ளே மாட்டியிருந்தது. "டீச்சர், நீங்க போங்க, பெல் அடிச்சிரும்" என்றார். கொழுந்து பறிக்கிற மலையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள்.
நான் போனேன். சேலையைச் சரிசெய்துகொண்டு, ஒற்றைச் செருப்போடு நடந்து போய், கையெழுத்துப் போட்டு, பிள்ளைகளின் வரவு இடாப்பு மார்க் பண்ணி, கழித்தல் பாடம் எடுத்தேன். குரல்கூடப் பிசகவில்லை.
முன்வரிசை நிலக்ஷிதான் எழுந்தாள். "டீச்சர், ஒங்க தலையில கண்ணாடித் துண்டு மின்னுது."
தொட்டேன். விரலெல்லாம் இரத்தம். அப்போதும், "மிச்சக் கணக்கச் செய்யுங்க" என்றுதான் சொன்னேன்.
ஸ்கூல் அதிபர் தேநீர் கொடுத்தபோது கோப்பை கடகடவென்று ஆடியது. பல் கிட்டிக்கொண்டது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதிருக்கலாம். சிரித்தேன் — நிறுத்த முடியாமல். அதிபர் பயந்துபோனார்.
டிக்கோயா ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். அண்ணனுக்குக் கால் எலும்பு முறிவு. உயிருக்கு ஒன்றுமில்லை.

ஜூன் 6, வெள்ளி
கழுத்து வலிக்கிறது என்றேன். மேர்வின் யூகலிப்டஸ் தைலம் தேய்க்க வந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் அவர் கையைத் தட்டிவிட்டேன். மரத்தின் வாசனை அது.
"என்ன ஆச்சு ஜெனி?"
"தெரியலங்க."
அவர் போத்தலை வெளியே வைத்தார். சவர்க்காரம் போட்டு இரண்டு தடவை கை கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஜூன் 9, திங்கள்
நடந்தே ஸ்கூலுக்குப் போனேன். மேல் வகுப்பில் யாரோ பெஞ்சை இழுத்தார்கள். என்னை அறியாமல் மேசையோரம் குனிந்துவிட்டேன். பிள்ளைகள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.
ஒரே கேள்விதான் உள்ளே. கால் மாட்டிக் கெடந்த மனுசன விட்டுட்டு எப்படிப் போனேன்? அவரு போங்கன்னு சொன்னா போயிடறதா?

ஜூன் 12, வியாழன்
தையல் பிரித்தார்கள். டொக்டர் சிங்களப் பெண், நிதானமான தமிழ். எல்லாவற்றையும் சொன்னேன்.
"அந்த நேரம் நீங்க யோசிச்சு முடிவு எடுக்கல்ல. மூளை அதிர்ச்சியில இருக்கு. கால் பழகின இடத்துக்குப் போகும். சிரிப்பு வாறதும், நடுங்குறதும் எல்லாருக்கும் நடக்கலாம். கொஞ்சம் கொஞ்சமா குறையும். குறையாட்டி திரும்ப வாங்க."
அதே ஆஸ்பத்திரியில் மேல்மாடியில்தான் அண்ணன் படுத்திருக்கிறார். படிக்கட்டு வரை போனேன். திரும்பிவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு
சர்ச்சில் பூசை முடிந்ததும் மேர்வின் தோடம்பழம் வாங்கினார். "போய்ப் பாத்துட்டு வந்துருவோம்" என்றார். மறுக்க முடியவில்லை.
அண்ணனின் மனைவி பூரணி கட்டிலோரம் இடம் விட்டார். "வாங்க டீச்சர். இவரு வாய மூடவே மாட்டேங்குறாரு. நீங்களாவது அதட்டுங்க."
நான் தயங்கித் தயங்கி, அன்றைக்கு அவரை விட்டுப் போனதைச் சொன்னேன்.
அண்ணன் புரியாமல் விழித்தார். "எப்ப விட்டுட்டுப் போனீங்க? என் கையப் புடிச்சிக்கிட்டு இருந்தீங்களே. ஆளுக மரத்த நகத்தி, என்னய வேன்ல ஏத்தற வரைக்கும் விடலியே. அதுக்கப்புறம்தான் நான் போங்கன்னேன்."
"தூக்குன ஆளுகளும் சொன்னாங்க டீச்சர்" என்றார் பூரணி. "வெரல ஒவ்வொன்னா பிரிச்சுத்தான் எடுத்தாங்களாம்."
எனக்கு ஞாபகமே இல்லை. இப்போதும் இல்லை. செருப்பு ஞாபகம் இருக்கிறது, பிடித்த கை ஞாபகம் இல்லை. என்ன மனசு இது?
அங்கேயே அழுதேன். பூரணி பழம் உரித்துக் கொடுத்தார். அழுதுகொண்டே இரண்டு தின்றேன்.

ஜூலை 1, செவ்வாய்
பெருங்காற்று. கூரைத் தகரம் அடித்தது, திடுக்கிட்டேன். பிறகு பருப்பு தாளித்தேன்.

செப்டம்பர் 15, திங்கள்
காலையில் வாசலில் ஹோர்ன் சத்தம். செல்லசாமி அண்ணன். கால் இன்னும் இழுக்கிறது. ஆட்டோவுக்குப் புதுக் கண்ணாடி. "டொக்டர் ஓட்டலாம்னுட்டாரு. ஏறுறீங்களா, நடந்து வாறீங்களா? ரெண்டும் சரிதான் டீச்சர்."
ஏறினேன். தூறல். அவர் ஆஸ்பத்திரிச் சோற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கேட்டுக்கொண்டே கம்பியில் தலை சாய்த்தேன்.
"டீச்சர், ஸ்கூல் வந்துருச்சு."
கண் விழித்தேன். அந்த வளைவு எங்கே என்று கேட்டேன்.
"அது அப்பவே போயிருச்சுங்க. நீங்க நல்லாத் தூங்கிட்டீங்க."