புல்லில் ஏறாத பதினேழாம் நம்பர்

வட கரோலினா, ஞாயிறு மாலை

அன்பு மகன் க்வின்டனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கை லோரெட்டாவும் கர்த்தர் கிருபையால் நலம், என் இடுப்பு மட்டும் அவ்வப்போது முரண்டு பிடிக்கிறது. அலாஸ்கா குளிரில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

நேற்று இந்த வருடத்தின் கடைசி கார் பந்தயம், ஸ்டேடியம் பிதுங்கி வழிந்தது. எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு அலுக்காத இடம் அது. கோடை முழுக்கச் சுற்றுப்பாதையில் வண்டிகள் உறுமும், அது முடிந்த கையோடு நடுவில் இருக்கும் புல்லில் நம் கல்லூரிப் பையன்கள் ஃபுட்பால் ஆடுவார்கள். அந்தப் புல்லை இருபத்திரண்டு வருடமாக வளர்ப்பவள் என்கிற திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு, இருக்கட்டும். இந்த வாரம் ஓயாத மழை, தரை ஊறிக் கிடந்தது. பந்தயத்துக்கு முன்னால் ஓட்டுநர்களைக் கூட்டி வைத்து, "இன்னைக்கு எவனாவது புல்லுல ஏறினா ரெண்டு வாரத்துல ஆறாது, பையங்க முதல் ஆட்டத்துக்கு வேற ஊருக்குத்தான் போகணும்" என்று சொன்னேன். பதினேழாம் நம்பர் வண்டியை ஓட்டும் லோனி க்ரௌடர் வழக்கம்போல "சரிங்க மகாராணி" என்று தொப்பியைத் தூக்கினார். பத்தொன்பது வருடம் ஓட்டியும் ஒரு தடவைகூடச் சாம்பியன் ஆகாத மனிதர், இந்த வருடப் புள்ளிக் கணக்கில் முன்னால் நின்றதால் நேற்று ஐந்தாவதாக முடித்தாலே கோப்பை அவருக்கு. கடைசிச் சுற்றில் இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்தவரைப் பின்னால் வந்தவன் இடித்துவிட்டான். இடப்பக்கம் திருப்பிப் புல்லில் இறங்கியிருந்தால் சுதாரித்துக்கொண்டு போயிருக்கலாம், எல்லோரும் அதைத்தான் செய்வார்கள், தரை காய்ந்திருக்கும் நாளில் அவரே எத்தனையோ தடவை செய்து என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். நேற்று வலப்பக்கம் திருப்பினார். நேராக இரும்புத் தடுப்பில் போய் மோதி வண்டியின் முன்பக்கம் அப்பளமாகிவிட்டது, கோப்பையும் போயிற்று. ஆளுக்கு ஒன்றுமில்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

இன்று ஆராதனை முடிந்து மைதானத்துக்குப் போனேன். புல்லில் கால் வைக்காமல் ஓரமாக லோனி நின்றிருந்தார். ஏன் அந்தப் பக்கம் திருப்பினீர்கள் என்று கேட்டேன். "ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி ஆட்டத்துல உங்க பையன் கால் மாட்டின பள்ளம் என் டயர் தோண்டினதுங்க. ஒரு பையன் கால் போனது போதும், மிஸ் எர்னஸ்டீன்" என்றார். இத்தனை வருடமும் அதை மனதில் வைத்துக்கொண்டுதான் என் திட்டையெல்லாம் சிரித்தபடி கேட்டிருக்கிறார். எவ்வளவு பெரிய மனது பார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது, க்வின்டன். அந்தப் பள்ளத்தில் அவசரமாக மணலைக் கொட்டி, மேலே வெள்ளைக் கோடு போட்டு, தரை நன்றாக இருக்கிறது என்று சொன்னவள் நான். நீ பந்தயக்காரர்களைத் திட்டும்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அந்த வருடத்திலிருந்து ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்னாலும் மைதானம் முழுக்க வெறுங்காலோடு நடந்து பார்க்கிறேன், கண்ணுக்குத் தப்பும் பள்ளம் காலுக்குத் தப்பாது. இன்று லோனியையும் காலணியைக் கழற்றச் சொல்லிக் கூட்டிக்கொண்டு நடந்தேன்.

கோபம் வந்தால் வரட்டும், அதை இனி அவர்மேல் காட்டாதே, என்மேல் காட்டு. முழங்காலுக்குக் கம்பளி உறை போடு, டப்பா உணவையே தின்றுகொண்டிருக்காதே. அக்டோபரில் பழைய மாணவர்கள் கூடும் ஆட்டத்துக்கு உனக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கியிருக்கிறேன். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன் அம்மா
எர்னஸ்டீன்

நீ விழுந்த இடத்தில் இன்று மூன்று முறை நடந்து பார்த்தேன், சமமாக இருக்கிறது. நீயும் வந்து ஒரு முறை நடந்து பார்.