சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த சீனா

ஆசோ,

சீனாவுக்கு வேலைக்குப் போன என் பேரன், ஊருக்கு வந்த ஆளிடம் ஒரு சாடி கொடுத்தனுப்பியிருந்தான். உப்பில் ஊறப்போட்ட சாவிக்கீரை, சீனர்கள் போடுகிற கடுகுக்கீரை. இதைத்தான் அங்கே தினமும் போடுகிறார்கள், நீங்களும் மோந்து பாருங்கள் என்று வேடிக்கைக்கு அனுப்பியது. மூடியைத் திறந்த மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சாடியைக் கொல்லைப்பக்கம் வைத்துவிட்டாள். எனக்கோ அந்த வாடையில் உன் அடுப்படி வந்து நின்றது.

நான் சீனாவுக்குப் போனதில்லை. லாபு ரப்பர் தோட்டத்தில் கூலிக்காரர்கள் இருந்த லயத்திலிருந்து சாலையைத் தாண்டி உன் கீரைத் தோட்டத்துக்கு வந்தேன். எனக்கு அதுதான் சீனா.

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலம் அது. பால்மரம் வெட்டுகிற வேலை நின்றுபோயிருந்தது. என் வீட்டுக்காரரைச் சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் திருப்பிக் கொண்டுவரவில்லை. மரவள்ளிக்கிழங்கையே தின்று என் பிள்ளைகள் இரண்டுக்கும் காலெல்லாம் புண். வேலியோரம் நின்ற என்னைப் பார்த்து நீதான் "கெர்ஜா, மாக்கான்" என்றாய். வேலை செய், சாப்பிடு. உனக்குத் தமிழ் வராது, எனக்குச் சீனம் வராது. பசாரில் பேசுகிற அரைகுறை மலாய்தான் நமக்கு. உன் பேர்கூட எனக்குத் தெரியாது. எல்லாரும் ஆசோ என்றார்கள், நானும் ஆசோ என்றேன்.

என்ன வேலை என்று மறுநாள்தான் தெரிந்தது. கக்கூஸில் அள்ளியதைப் பெரிய தாழியில் ஊறவைத்திருந்தாய். அதில் தண்ணீர் கலந்து, இரண்டு பக்கமும் தகரம் தொங்குகிற தோள்கட்டையில் தூக்கிப்போய்ப் பாத்திகளுக்கு ஊற்ற வேண்டும். மேலே புழு மிதந்தது. நடக்க நடக்கத் தளும்பிக் காலில் தெறித்தது. வாழைமரத்தடியில் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். நீ திட்டவில்லை, தேற்றவும் இல்லை. ஒரு செம்புத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்தாய். "வாந்தி எடு, வாய் கழுவு, சாப்பிடு" என்று உன் மலாயில் சொன்னாய். கஞ்சியும் ஊறின சாவிக்கீரையும் வந்தது. அந்த வாடைக்கு இன்னொரு தடவை எடுத்தேன். நீ உட்கார்ந்து சிரித்தாய்.

கப்பலில் வந்து இறங்கின புதிதில் எங்கள் தலை எண்ணெய் வாடைக்கு நீயும் குமட்டிக்கொண்டு ஓடினாயாம். பிறகொரு நாள் அதை நடித்தே காட்டினாய். இப்போது எப்படி என்று கேட்டேன். என் தலையை இழுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, இன்னும் நாற்றம்தான் என்றாய்.

லயத்துக் குழாயடியில் என் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். எங்களை வேலை வாங்குகிற மண்டோர், "பீ தூக்குறவ கையால ஒரு வாய் தண்ணி யாரும் வாங்கக் கூடாது" என்று வீடு வீடாகச் சொல்லி வைத்தான். உன் கஞ்சியும் கீரையும் தின்று என் பிள்ளைகளுக்குக் கால் புண் ஆறியதை அவர்கள் ஒருவரும் பார்க்கவில்லை.

அப்புறம் ஒரு காலையில் ஜப்பான்காரன் லாரி வந்தது. காட்டில் ஒளிந்து ஜப்பான்காரனோடு சண்டை போடுகிறவர்களுக்கு நீ சோறு கொடுக்கிறாய் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். யாரோ என்ன யாரோ. முன்சீட்டில் உட்கார்ந்து உன் வீட்டைக் கைகாட்டியவன் எங்கள் மண்டோர்தான். நான் பாத்தியில் தகரத்தோடு நின்றேன். உன் கையைப் பின்னால் கட்டினார்கள். லாரியில் ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "சீராம்" என்றாய். செடிக்கு ஊற்று என்று. அவ்வளவுதான். நீ திரும்பி வரவில்லை. கொண்டுபோன இடத்தில் உனக்கு என்ன செய்தார்கள் என்று பிற்பாடு காதில் விழுந்தது. எழுத எனக்குக் கை வரவில்லை ஆசோ.

நீ சொன்னபடி ஊற்றினேன். மறுநாள் மண்டோர் வீட்டு ஆட்கள் கூடையோடு வந்தார்கள். நீ கொல்லையில் வளர்த்த பன்றிகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். கீரையை வேரோடு பிடுங்கினார்கள். நான் ஊற்றின ஈரம் அதில் சொட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு லயம் முழுக்க அந்தக் கீரைதான் வெந்தது. என் குடத்தைத் தொடாதவர்கள் எல்லாரும் தின்றார்கள்.

சாயங்காலம் மண்டோர் ஒரு கிண்ணத்தில் எனக்கும் கொண்டுவந்து நீட்டினான்.

"புள்ளைங்களுக்குக் குடும்மா. போனவ போயிட்டா, நாம இருக்கோம்லா."

என் சின்னது கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பசி.

"ஒங்க கையால நாங்க வாங்குறதில்லங்க" என்றேன்.

கிழங்கை அவித்துக் கொடுத்தேன். சின்னது அழுதுகொண்டேதான் தின்றது.

உன் தகரத்து நாற்றம் குளித்தால் போய்விடும். அவன் நீட்டின கிண்ணத்து நாற்றம் இன்றைக்கும் போகவில்லை. அவன் செத்த வீட்டுக்குக்கூட நான் போகவில்லை.

மருமகள் கடைக்குப் போன நேரத்தில் சாடியை எடுத்து வந்து, கஞ்சி காய்ச்சி, அந்தக் கீரையோடு குடித்தேன். குமட்டவில்லை. அழுகைதான் வந்தது. அப்போதுதான் பேரன் போன் போட்டான். புது வேலை ஒட்டவில்லை, சாப்பாடு நாறுகிறது, திரும்பி வந்துவிடட்டுமா என்று கேட்டான்.

"வாந்தி எடு, வாய் கழுவு, சாப்பிடுப்பா" என்றேன். "யாரு கையால வாங்குறோம்னு மட்டும் பாத்துக்க."